வீதிக்கு வரும் நிதியில் நடப்போரின் பங்கு எங்கே?

2025 பெப்ரவரி 17 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், வடமாகாணத்தின் கிராமிய வீதிகளையும் பாலங்களையும் புனரமைப்பதற்கென 5000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. மூன்று தசாப்த காலப் போரினால் சிதைந்த ஒரு மாகாணத்துக்கு இது வரவேற்கத்தக்க ஒதுக்கீடு என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வாறான நிதி ஒவ்வொரு தடவை அறிவிக்கப்படும் போதும் கேட்கப்படாமலே விடப்படும் கேள்வி ஒன்று உண்டு. வீதி என்பது எவருக்குரியது? கார்ப்பெட் விரிக்கப்பட்ட நடுப்பகுதி மட்டுமே வீதியா? அதன் ஓரமாக நடந்து செல்லும் மாணவியும், தேங்காய் மூடையைக் கரியரில் கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் சந்தைக்குச் செல்லும் முதியவரும் அந்த ஒதுக்கீட்டின் கணக்கில் இருக்கின்றார்களா?

இக்கேள்வியைக் கொடிகாமத்திலிருந்து எழுப்புவது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம். தென்மராட்சியின் கிழக்குப் பகுதிக் கிராமங்கள் பலவற்றுக்கும் கொடிகாமமே சந்தை, அதுவே தரிப்பிடம், அதுவே சந்தி. கண்டி வீதி எனப்படும் ஏ-9 வீதி ஊரை ஊடறுத்துச் செல்கின்றது. வடக்கே வரணி ஊடாகப் பருத்தித்துறைப் பக்கமும் தெற்கே கச்சாய்ப் பக்கமும் வீதிகள் பிரிகின்றன. புகையிரத நிலையமும் இங்கேயே உண்டு. வடமராட்சியிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் செல்வோர் பலரும் ஏறி இறங்கும் நிலையம் இது. பலாப்பழக் காலத்தில் சந்தையின் பரபரப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இத்தனை போக்குவரத்தும் ஒரே இடத்தில் சந்திக்கும் போது, எஞ்சினற்ற வண்டியில் வருபவரும் காலால் நடந்து வருபவருமே ஒதுங்கி வழிவிட வேண்டியவர்களாகின்றனர்.

துவிச்சக்கர வண்டி காப்பாற்றிய சமூகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் துவிச்சக்கர வண்டி வெறும் வாகனமன்று. 1990 இல் போர் மீண்டும் வெடித்த பின்னர் எரிபொருள் உள்ளிட்ட பொருள்கள் மீது தடை விதிக்கப்பட்ட போது, இந்தச் சமூகத்தைத் தாங்கி நின்றது அதுவே. நோயாளி வைத்தியசாலைக்குச் சென்றதும், ஆசிரியர் பாடசாலைக்குச் சென்றதும், விறகும் நெல்லும் மரக்கறியும் சந்தைக்குச் சென்றதும் அதில்தான். மின்சாரமில்லாத இரவுகளில் சில்லைச் சுழற்றி டைனமோவின் மூலம் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி வெளியேறிய போது, நடந்தும் துவிச்சக்கர வண்டிகளை உருட்டியுமே வந்து சேர்ந்தனர். சாவகச்சேரியும் கொடிகாமமும் அவர்களுக்குத் திண்ணையும் கிணறும் தந்தன. 2000 ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்குள் நுழைந்த போது, தஞ்சம் கொடுத்தவர்களே தமது வண்டிகளுடன் இடம்பெயர நேர்ந்தது.

இதற்கு முன்னதாக, 1990 ஒக்ரோபரில், சாவகச்சேரியில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் உட்பட வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் தமது வீடு வாசலையும் தொழிலையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களிலும் பலர் பல மைல் தூரம் நடந்தே சென்றனர். நடை என்பது இரு சமூகங்களின் நினைவிலும் ஆறாத வடுவாகப் பதிந்த ஒன்று. அச்சத்தினால் நடந்த மக்கள் அச்சமின்றி நடக்கக்கூடிய வீதியைப் பெறுவதும் சமாதானத்தின் பயன்களுள் ஒன்றாக இருக்க வேண்டாமா?

போர் முடிவுற்ற பின்னர் ஏ-9 வீதி அகலிக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இவையெல்லாம் எமக்குத் தேவையானவையே. ஆனால் வீதி செப்பமானதும் வாகனங்களின் வேகம் கூடியது. வேகம் கூடியதற்கு ஏற்ப நடைபாதையும், மின்விளக்கும், பாதுகாப்பான கடவையும் கூடவில்லை. வீதி விபத்துகளில் இலங்கையில் ஆண்டுதோறும் 2000 இற்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். உலக அளவில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மரணிப்பதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுமே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. போரில் தப்பியவர்களின் பிள்ளைகள் வீதியோரத்தில் பலியாவதை விதி என்று கூறிவிட்டு இருக்க முடியாது.

தனியான நிதி இல்லை. ஆனால் நிதி உண்டு

இங்கிலாந்து போன்ற நாடுகளில் நடைபாதைக்கும் துவிச்சக்கர வண்டிப் பாதைக்கும் என்றே அரசாங்கம் நிதியை ஒதுக்கி, உள்ளூராட்சி சபைகளிடமிருந்து விண்ணப்பம் கோருகின்றது. இலங்கையில் அவ்வாறான நிரந்தரமான தனி ஏற்பாடு கிடையாது. இதனைக் காரணங்காட்டி, "எமக்கு அதற்கெனப் பணம் வருவதில்லை" என்று உள்ளூர் அதிகாரிகள் கைவிரிப்பது வழக்கம். இந்தப் பதில் அரைவாசி மட்டுமே உண்மையானது.

அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் உருவாக்கப்பட்ட நிதி ஆணைக்குழு மாகாணங்களுக்கான ஒதுக்கீட்டை விதந்துரைக்கின்றது. சமநிலையான பிரதேச அபிவிருத்தியே அதன் நோக்கம் எனவும், தலா வருமானத்தையும் சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்க வேண்டிய தேவையையும் கவனத்திற் கொள்ள வேண்டும் எனவும் அரசியலமைப்பே கூறுகின்றது. பி.எஸ்.டி.ஜி. நிதி என்று எமது அலுவலகங்களில் பேசப்படும் மாகாண அபிவிருத்தி நன்கொடை இவ்வழியே வருகின்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி வேறொன்று. 2010 இல் தொடங்கிய நெல்சிப் திட்டமும், உலக வங்கியின் உதவியுடன் 2019 இல் வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணங்களின் உள்ளூராட்சி சபைகளுக்கென ஆரம்பிக்கப்பட்ட உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டமும் வெளிநாட்டு உதவி எவ்வாறு பிரதேச சபை வரை வந்து சேரும் என்பதற்கு எடுத்துக்காட்டுகளாகும். ஐ-றோட் திட்டத்தின் கீழ் கிராமிய வீதிகள் கார்ப்பெட் இடப்பட்டதையும் நாம் கண்டோம்.

இந்த ஒதுக்கீடுகளில் ஒன்றிலேனும் "நடைபாதை அமைக்கக்கூடாது" என்று எழுதப்பட்டிருக்கவில்லை. எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை. வருமானம் குறைந்தவரே அதிகம் நடக்கின்றார். அவரே அதிகம் சைக்கிள் மிதிக்கின்றார். ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கென வழங்கப்படும் நிதியில் முதல் உரித்து அவருக்கே இருக்க வேண்டும். அந்த உரித்தை எழுத்தில் கோருவது எவ்வாறு என்பதே எம்முன் உள்ள பணி.

விண்ணப்பம் எங்கே தவறுகின்றது?

எமது ஊர்களிலிருந்து செல்லும் கோரிக்கைகளின் இயல்பை நாம் அறிவோம். "எமது ஒழுங்கை மிக மோசமாக உள்ளது. தயவுகூர்ந்து திருத்தித் தரவும்" என்று ஒரு கடிதம், அதன் கீழ் ஐம்பது கையொப்பம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அது வாசிக்கப்படும். "கவனத்திற் கொள்ளப்படும்" என்று குறிக்கப்படும். அத்துடன் கதை முடியும். கோரிக்கையில் நியாயம் இல்லை என்பதல்ல. நிதி வழங்குபவர் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

முதற் கேள்வி, வீதி எவருடையது என்பது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஏனைய கிராமிய வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை. புகையிரதக் கடவை புகையிரதத் திணைக்களத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கொடிகாமம் சந்தியில் ஒரு பாதசாரி நூறு அடி நடப்பதற்குள் இரண்டு, மூன்று நிறுவனங்களின் எல்லையைக் கடந்து விடுகின்றார். ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதம் மற்றதன் எல்லையில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். எனவே விண்ணப்பத்துடன் ஏனைய நிறுவனங்களின் இணக்கக் கடிதங்களும் சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேர் பயனடைவர் என்பது. மோட்டார் வாகனங்களுக்குப் பதிவு உண்டு; நடப்பவருக்குப் பதிவில்லை. பதிவில்லாதவர் திட்டமிடலில் இடம்பெறுவதில்லை. வாகனங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தைப் பிரதேச சபைச் சட்டம் சபைகளுக்கு வழங்கியுள்ளது. துவிச்சக்கர வண்டிக்கும் வரி செலுத்தித் தகடு பெற்ற காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வரி கொடுத்தவருக்கு வழி கொடுக்கப்பட்டதா என்பது வேறு விடயம். இன்று செய்யக்கூடியது எளிது. ஒரு சந்தை நாளிலும் ஒரு சாதாரண நாளிலும், காலையில் பாடசாலை தொடங்கும் முன்னரும் பிற்பகலில் விடும் நேரத்திலும், சந்தியில் நின்று நடப்போரையும் சைக்கிளில் செல்வோரையும் எண்ணிக் குறித்துக் கொள்ளலாம். உயர்தர மாணவர்களும் சனசமூக நிலைய இளைஞர்களும் இரண்டு நாளில் இதைச் செய்து முடிப்பர். ஐம்பது கையொப்பத்தை விட இந்த ஒரு தாள் கனதியானது.

மூன்றாவது கேள்வி, எதை அமைப்பது என்பது. வெறுமனே "நடைபாதை வேண்டும்" என்றால் மதிப்பீடு தயாரிக்க முடியாது. எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மீற்றர், எத்தனை அடி அகலம், வெள்ள வாய்க்கால் எப்பக்கம், மதகு எத்தனை, மின்கம்பங்கள் இடையில் உண்டா, வீதி எல்லைக்குள் தனியார் மதில் வந்துள்ளதா என்பன குறிக்கப்பட்டிருந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீட்டை விரைவில் தயாரிக்கலாம். நான்காவதாக, அமைத்த பின் பராமரிப்பவர் யார் என்பதற்கும் விடை வேண்டும். பராமரிப்புக்கெனப் பிரதேச சபை தனது பாதீட்டில் சிறு தொகையையேனும் ஆண்டுதோறும் ஒதுக்குவதாகத் தீர்மானம் நிறைவேற்றினால் விண்ணப்பத்தின் பெறுமதி பன்மடங்காகும்.

காலமும் முக்கியமானது. அடுத்த ஆண்டுக்கான திட்ட முன்மொழிவுகள் நடப்பாண்டின் நடுப்பகுதியிலேயே திரட்டப்படுகின்றன. நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையை வானொலியில் கேட்ட பின்னர் கடிதம் எழுதத் தொடங்குபவர் ஓராண்டு பிந்திவிட்டார் என்பதே பொருள்.

பிறர் செய்தவை

சென்னை மாநகராட்சி 2014 இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் பல வீதிகளில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை அங்கு சென்ற எம்மவர் பலர் பார்த்திருப்பர். அக்கொள்கையின் எல்லா வாக்குறுதிகளும் நிறைவேறின என்று சொல்வதற்கில்லை. எனினும் எழுத்தில் ஒரு கொள்கை இருந்தமையால், மத்திய அரசின் நிதி வந்த போது அதைப் பயன்படுத்துவதற்கான வழியும் தயாராக இருந்தது.

2020 இல் இந்திய மத்திய அரசு துவிச்சக்கர வண்டிப் பாதைகளுக்கென நகரங்களிடையே ஒரு போட்டியை நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் அதில் பதிவு செய்தன. குறைந்த செலவில் தற்காலிகப் பாதையை முதலில் அமைத்து, மக்களின் கருத்தைக் கேட்டு, திருத்தி, பின்னரே நிரந்தரமாக்குதல் என்ற முறை அங்கு ஊக்குவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2020 ஜூலையில் வெளியிடப்பட்ட வழிகாட்டி, குறித்த தரத்தை எட்டாத திட்டங்களுக்கு அரச நிதி கிடையாது என்ற நிலையை உருவாக்கியது. வீதியில் வெள்ளைக் கோடு ஒன்றைக் கீறிவிட்டுப் "பாதை அமைத்தோம்" என்று கணக்குக் காட்டுவதற்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. நிதி வழங்குபவர் எதிர்பார்ப்பது இரக்கமான வார்த்தைகளை அல்ல, ஆயத்தத்தையே என்பதை இவ்விரு நாடுகளின் அனுபவமும் உணர்த்துகின்றது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமியப் பெண்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது பெரும் சமூக மாற்றமாகப் பேசப்பட்டது. யாழ்ப்பாணப் பெண்களுக்கு அது புதிதன்று. அவர்கள் அக்காலத்திலேயே பாடசாலைக்கும் வேலைக்கும் சைக்கிளில் சென்றனர். இன்று வேகமான வாகனங்களுக்கு அஞ்சிப் பெற்றோர் மகளை முச்சக்கர வண்டியில் அனுப்புகின்றனர். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளையின் தனியார் வகுப்பு அத்துடன் நின்றுவிடுகின்றது. முன்னே சென்ற ஒரு சமூகம் பின்னே செல்வதற்கு வீதியும் ஒரு காரணமாகிவிடக் கூடாது.

கிழக்கிற்கும் இதுவே

இது கொடிகாமத்தின் பிரச்சினை மட்டுமன்று. காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற சனநெருக்கடி மிக்க கிழக்கு ஊர்களின் குறுகிய வீதிகளில், ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நோக்கி நடப்பவரும் மத்ரசாவுக்குச் செல்லும் சிறுவரும் இதே இடரை எதிர்கொள்கின்றனர். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வடக்கின் வீதியையும் கிழக்கின் வீதியையும் தம் காலால் அளந்தவர்கள். வடக்கு கிழக்கு உள்ளூராட்சி சபைகள் பிற விடயங்களில் வேறுபட்டு நிற்கலாம். நடப்பவருக்கென மாகாண ஒதுக்கீட்டில் ஒரு குறித்த விகிதத்தைக் கோருவதில் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் ஒன்றிணைவதற்கு எந்தத் தடையும் இல்லை. தனித்தனியே எழுதும் கடிதத்தை விட, பல சபைகள் சேர்ந்து நிறைவேற்றும் ஒரே மாதிரியான தீர்மானத்துக்குக் கொழும்பில் மதிப்பு அதிகம்.

இங்கு ஒரு நிர்வாகக் குறையையும் சுட்டிக்காட்ட வேண்டும். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிவுற்ற பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் முடியும் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலத்தில் நிதி வந்த வழியே சென்றது. 2025 இல் தெரிவான உறுப்பினர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. பிரதேச சபைகள் அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. சாவகச்சேரி பிரதேச சபை பாதசாரிகளுக்கென அவ்வாறான ஒரு குழுவை அமைத்தால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை, பயன் பெரிது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை அறிவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண குடிமகனுக்கும் வழி செய்துள்ளது.

"மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, இனி யார் சைக்கிள் ஓடப்போகின்றார்?" என்று கேட்போர் உளர். 2022 ஆம் ஆண்டை அவர்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும். எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்றது. கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டது. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் அப்போது மீண்டும் வீதிக்கு வந்தன. தடைக் காலத்தில் ஒருமுறையும், 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்ட போது ஒருமுறையும், பொருளாதார நெருக்கடியில் ஒருமுறையும் எம்மைத் தாங்கிய வண்டியை, நெருக்கடி நீங்கியதும் ஓரங்கட்டுவது நன்றியறிதலும் அன்று, தூரநோக்கும் அன்று.

வீதி குறுகியது, இடமில்லை என்பது இன்னொரு தடையாகக் கூறப்படும். ஏ-9 வீதியோரம் எங்கும் ஒரே நாளில் தனிப்பாதை அமைக்குமாறு நாம் கோரவில்லை. புகையிரத நிலையத்திலிருந்து சந்தை வரை ஒரு நடைபாதை. பாடசாலை முன்றலில் வேகத்தடையும் கடவையும். நிலையத்திலும் சந்தையிலும் கூரையுடன் கூடிய சைக்கிள் தரிப்பிடம். வரணி, கச்சாய், உசன், மிருசுவில் பக்கங்களிலிருந்து வரும் உள்வீதிகளில் மின்விளக்கு. தொடக்கத்துக்கு இவை போதும். இவற்றுள் எதுவும் ஒரு பிரதேச சபையால் திட்டமிட முடியாத பெருவேலை அல்ல.

அரச நிதி என்பது கொழும்பிலிருந்து கிடைக்கும் தருமமன்று. அது நாம் வாங்கும் ஒவ்வொரு இறாத்தல் சீனியிலும் ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயிலும் செலுத்திய வரியின் ஒரு பங்கு. நடப்பவரும் அந்த வரியைச் செலுத்தியே நடக்கின்றார். அவரின் பங்கைக் கேட்டு அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்கு முன் ஒரு முழுமையான விண்ணப்பம் கொடிகாமத்திலிருந்து செல்லுமாயின், அது ஏனைய ஊர்களுக்கும் முன்மாதிரியாக அமையும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு தாளும் பேனையும், சந்தியில் நின்று எண்ணுவதற்கு நான்கு இளைஞர்களுமே. சம்பந்தப்பட்டவர்கள் முன்வருவார்களா?